ஆர்லோ வெட்ஸலின் காது

டேப்பின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார் ஆர்லோ வெட்ஸல். எங்கும் பெயரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மெஷினை முடுக்குவார். மெட்டல் டிடெக்டரின் கைப்பிடிக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு திரை இருக்கிறது. மண்ணுக்குள் கிடப்பது இரும்பா, வெள்ளியா, எத்தனை அங்குல ஆழம் என்பதையெல்லாம் எண்ணாகக் காட்டுகிற திரை. அதற்காகத்தான் மெஷினுக்கு அத்தனை விலை சொல்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆர்லோ அதை வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்ததும் செய்த முதல் காரியம், திரையைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடியதுதான். "நம்பரைப் பாத்துத் தோண்டுறவனும் விலைப்பட்டியலைப் பாத்துச் சாப்பிடுறவனும் ஒண்ணு. ருசி தெரியாது" என்பார்.

வயது எழுபத்தெட்டு. ஹெட்போனை மாட்டி, அதன்மேல் தொப்பியை இறக்கிக்கொள்வார். மெஷினின் அடியில் இருக்கிற வட்டு புல் நுனியை உரசியும் உரசாமலும் இடமும் வலமுமாகப் போய்வரும். ஒரு வீச்சு போன இடத்தில் பாதியையாவது அடுத்த வீச்சு தொட வேண்டும் என்பது அவர் சட்டம். அப்படி நடந்தால் ஒரு வீட்டு முற்றத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் அவருடன் வருவதில்லை. வந்தவர்களும் இரண்டாம் முறை வருவதில்லை. நான் பதினொரு வருஷமாகப் போகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

தோண்டுவதில் அவருக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. ரம்பப் பல் வைத்த கத்தியால் புல்தரையை மூன்று பக்கம் அறுப்பார். நாலாவது பக்கத்தை வெட்டாமல் விட்டு, பெட்டி மூடியைத் திறப்பதுபோல மண் கட்டியைத் திருப்பிவைப்பார். கிளறிய மண் புல்லில் சிந்தாது. அவர் மனைவி டோரீன் கழித்துப்போட்ட நீலக் குளியல் துண்டின்மேல்தான் விழும். எடுத்தது குப்பையானால் இடது பை, காசானால் வலது பை. பீர் டப்பாவின் மூடி வளையத்தைக்கூடத் திரும்பக் குழியில் போடமாட்டார். எல்லாம் முடிந்ததும் துண்டிலிருக்கும் மண்ணைத் திரும்பக் கொட்டி, மூடியை மூடி, படுத்துவிட்ட புல்லை விரலால் கோதி நிமிர்த்திவிட்டு, காலால் இரண்டு முறை மிதிப்பார். கணக்காக இரண்டு. "ஒரு மிதி மண்ணுக்கு, ஒரு மிதி மண்ணுக்குச் சொந்தக்காரருக்கு." அவர் தோண்டிய இடத்தை மறுநாள் அவரே கண்டுபிடிக்க முடியாது. இந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணைக்காரரும் அவருக்கு அனுமதி மறுத்ததில்லை என்றால் காரணம் அந்த இரண்டு மிதிதான்.

பிழைப்புக்கு அவர் பார்த்தது பள்ளிக்கூடப் பேருந்து பணிமனையில் மெக்கானிக் வேலை. முப்பத்தாறு வருஷம். பேருந்து வாசலில் திரும்பும்போதே உள்ளே இருந்தபடி, இரண்டாவது சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவாராம். ஊசி விழுந்தாலும் கேட்கிற காது என்று ஊரில் பெயர். அந்தக் காதைத்தான் மண்ணுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு உலோகத்துக்கும் மெஷின் ஒரு சத்தம் போடும். இரும்பாணிக்கு உறுமல். ஐந்து சென்ட் காசுக்கும் பீர் டப்பா வளையத்துக்கும் அண்ணன் தம்பிபோல ஒரே 'டொக்'. செம்பு சென்ட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் உயரம். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையைத் தொடுகிற மாதிரி வெள்ளி. வெள்ளி எப்படிக் கூவும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் ஆர்லோ சொல்லும் பதில் ஒன்றுதான். "ஜனவரியில உறைஞ்ச ஏரிமேல ஒரு கல்லை எறிஞ்சு பாரு. கல்லு வழுக்கிக்கிட்டுப் போறப்ப ஏரி ஒரு கூவல் கூவும் பாரு, அதான்."

மெட்டல் டிடெக்டர்காரர்களான எங்கள் சங்கத்தில் பதினான்கு பேர். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடுவோம். கண்டெடுத்ததை ஆளுக்கொன்றாக மேஜையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காகிதக் கோப்பை வைப்போம். பிடித்த பொருளின் கோப்பையில் ஆளுக்கு ஒரு மக்காச்சோள மணி போடுவோம். நான் காரியதரிசி. யார் எதைக் கொண்டுவந்தார், எத்தனை மணி விழுந்தது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஆர்லோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "செக்ரட்டரி" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கூட்டத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். ஓர் இடத்தை அவர் நன்றாகத் துழாவிவிட்டு, "செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டால் அங்கே காசில்லை என்று பொருள். பிறகு ஒருவரும் அங்கே போகமாட்டார்கள்.

வாய்க்குப் பிடித்தது பாலாடைக்கட்டித் துண்டுகள். அன்றைக்குச் செய்ததானால் கடிக்கும்போது பல்லில் கிறீச்சிட வேண்டும். கிறீச்சிடாவிட்டால் பழசு என்று இங்கே விஸ்கான்சினில் குழந்தைக்கும் தெரியும். நாலு வருஷமாக ஆர்லோவுக்கு எந்தத் துண்டும் கிறீச்சிடவில்லை. மூன்று ஆலைகள் மாறிவிட்டார். "பூராப் பயலும் நேத்தையதை விக்கிறான்" என்று திட்டுவார். அவரோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன். வாயிலே கிறீச்சிடுகிற துண்டை மென்றுகொண்டே திட்டியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எல்லா இடத்தையும்விட அவர் அதிகம் நடந்தது லிண்டன் தோப்பில். ஊருக்கு வடக்கே, ஓடைக்கரையில், தேவாலயத்துக்குச் சொந்தமான பன்னிரண்டு ஏக்கர். ஒரு காலத்தில் நடுவே மரத்தாலான நடனக் கொட்டகை இருந்தது. நாலு பக்கமும் திறப்பு, சுற்றிலும் கைப்பிடி வேலி. போல்கா இசைத்தால் தரைப்பலகை மொத்தமும் அதிரும் என்று ஆர்லோ சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் புல்லில் படுத்துக் கிடப்பார்கள். படுத்தவன் பையிலிருந்து காசு விழும். ஆர்லோவின் வீட்டில் ஜாடி ஜாடியாக இருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

அவருக்கும் டோரீனுக்கும் கல்யாணம் நடந்தது அந்தக் கொட்டகையில், அறுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். டோரீன் வீட்டார் போலந்துக்காரர்கள். அவர்கள் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. கனமான பீங்கான் தட்டு ஒன்றைத் தரையில் வைப்பார்கள். மணப்பெண்ணோடு ஆட ஆசைப்படுகிறவன் வெள்ளி டாலரைத் தட்டின்மேல் ஓங்கி எறிய வேண்டும். தட்டு உடைந்தால் ஆட்டம். உடையாவிட்டால் மறுபடி எறி. காசு மொத்தமும் பெண்ணுக்கு. அன்றைக்கு டோரீனின் அப்பா லியோ எறிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷத்து டாலர். கல் குவாரியில் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து எடுத்துவைத்தது. அது தட்டின் விளிம்பில் பட்டு எகிறி, வேலியைத் தாண்டிப் புல்லுக்குள் போய் விழுந்துவிட்டது.

வேறு டாலர் தருகிறேன் என்று பத்துப் பேர் கையை நீட்டினார்களாம். லியோ வாங்கவில்லை. "எம் பொண்ணுக்குன்னு வெச்சிருந்தது அதுதான்" என்று சொல்லிவிட்டுப் புல்லில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே வாத்தியக்காரர்கள் அடுத்த கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதென்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மகளோடு ஓர் ஆட்டம் ஆடாமலேயே அந்த நாள் முடிந்தது. அடுத்த ஜனவரியில் குவாரியில் பாறை சரிந்து லியோ போய்விட்டார். ஆர்லோ வீட்டு அடுக்களையில் அந்தக் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அதில் அப்பாவின் கால்சட்டை முழங்காலில் இரண்டு கறை தெரியும். "அது பச்சை" என்று டோரீன் சொல்வாள், பார்க்கிற எல்லோரிடமும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆர்லோ முதல் மெஷினை வாங்கியது அந்த ஒரு டாலருக்காகத்தான். ஆனால் அதற்குள் கொட்டகை எரிந்து சாம்பலாகி, ஆயிரக்கணக்கான ஆணிகள் அந்த இடத்தில் இறைந்து கிடந்தன. பழைய மெஷின்களுக்கு ஆணியின் உறுமல்தான் கேட்கும். பக்கத்தில் வெள்ளி கிடந்தால் அந்த உறுமலில் அமுங்கிவிடும். வருஷா வருஷம் கொட்டகை இருந்த இடத்தின் விளிம்பில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். சுற்றுவட்டத்தில் ஆயிரம் காசு எடுத்தார், அந்தக் காசு வரவில்லை. ஆணிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளியையும் பிரித்துச் சொல்கிற மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஓய்வுப் பணத்தில் கைவைத்து வாங்கினார். அதுதான் டேப் ஒட்டிய மெஷின். அதையும் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் நடந்தார். போன அக்டோபர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "லிண்டன் தோப்பு செத்துப்போச்சு. வெள்ளின்னு ஒண்ணு அங்க இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. ஒரு டாலர் இனி கிடைக்காது என்பதை ஒரு மனிதன் ஊரறியச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில்தான் தேவாலயம் தோப்பை ஒரு பண்ணைச் சாமான் கடைக்கு விற்றது. தரையை வழித்துத் தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை சங்கத்தார் எல்லோரும் வந்து தேடிக்கொள்கிறீர்களா என்று பெருந்தன்மையாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். தேவையில்லை, அங்கே ஒன்றுமில்லை என்று பதில் எழுதியது நான்.

விஸ்கான்சின் மண் நவம்பரில் உறைந்து பூட்டிக்கொண்டால் ஏப்ரலில்தான் திறக்கும். இந்த ஏப்ரலில் கத்தி மண்ணில் இறங்கிய முதல் வாரம், தோப்பை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆர்லோ கூப்பிட்டார். வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தரையை வழிக்க இயந்திரங்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் தொங்கிய அவருடைய ஹெட்போன் வயரை எலி கடித்துப்போட்டிருந்தது. தேடுவதற்காகவா போகிறோம் என்று சொல்லி, மெஷினை ஸ்பீக்கரில் பேசவிட்டபடி நடந்தார். பதினொரு வருஷத்தில் அவர் மெஷினின் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். அவரவர் மெஷின் அவரவர் காதுக்குள் பேசுவதுதான் எங்கள் வழக்கம்.

கொட்டகை இருந்த இடத்தின் விளிம்பில், ஆணிகளின் உறுமலுக்கு நடுவே, ஒரு கூவல் எழுந்தது. உறைந்த ஏரியில் எறிந்த கல். ஆர்லோ நிற்கப்போகிறார் என்று நானும் நின்றேன். அவர் நிற்கவில்லை. வட்டு திரும்பி வந்தது, மறுபடி கூவியது, கடந்து போனது. கொட்டகையில் ஒரு தூண்மேல் சாய்ந்து நின்ற தன்னை டோரீன் முதன்முதலில் பார்த்த கதையை எனக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

சொல்ல வாய் வரவில்லை. இடம் மட்டுமாவது தெரியட்டும் என்று என் கையுறை ஒன்றை நழுவவிட்டேன். பத்தடி போனதும் ஆர்லோ திரும்பிப் பார்த்து, பொறுமையாகப் போய்க் குனிந்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். "வயசு எனக்கு ஆகுது, தவறவிடுறது நீ" என்றார். அதற்குப் பிறகு எந்த இடம் என்று எனக்கும் தெரியவில்லை. புல் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மூன்றரை வருஷமாக ஆர்லோ மேஜையில் வைத்தவை: ஐந்து சென்ட் காசுகள், ஈய பொம்மைச் சிப்பாய், சட்டைப் பொத்தான்கள், ஒரு மெல்லிய தங்க மோதிரம். எல்லாம் கட்டைக் குரல், 'டொக்' ஜாதி. உயரக் குரலில் கூவுகிற வெள்ளி ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய பக்கங்களில் மாதம் தவறாமல் வெள்ளி. அத்தனையும் என் கையெழுத்து. எழுதத் தெரிந்த எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் தண்ணீர் கொதித்து, கெட்டில் விசிலடித்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து ஆர்லோ நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். டோரீன் அடித்தளத்திலிருந்து மூச்சிரைக்கப் படியேறி வந்து அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தெரிந்துகொண்டேன் என்பதை அவளும் தெரிந்துகொண்டாள்.

"வெள்ளிச் சத்தம் உங்களுக்குக் கேக்கலை, ஆர்லோ" என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "வியாழக்கிழமை தோப்புல ரெண்டு தடவை கூவுச்சு. நீங்க தாண்டிப் போயிட்டீங்க."

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். கோபம் வந்தால் எதையாவது மடிப்பார். பிறகு எழுந்து மெஷினை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போனார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு சோதனைப் பாத்தி உண்டு. தெரிந்த காசைத் தெரிந்த ஆழத்தில் புதைத்து, மேலே மரக்குச்சி நட்டு வைத்துக்கொண்டு மெஷினைச் சோதித்துப் பார்ப்பது. ஆர்லோ எண்பத்தொன்றாம் வருஷம் ஆறு அங்குல ஆழத்தில் ஒரு பத்து சென்ட் வெள்ளிக்காசைப் புதைத்திருந்தார்.

"இதுவும்தான் மூணு வருஷமா ஊமையாக் கிடக்கு" என்றார். "உறைபனி காசைக் கீழ இழுத்துடும். வருஷத்துக்கு ஒரு நூல். இது இறங்கிடுச்சு. தோப்புல இருந்ததும் இறங்கிடுச்சு. அதுக்கு என் காது என்ன பண்ணும்?"

சொல்லிக்கொண்டே குச்சியின்மேல் வட்டை வீசினார். அது கூவியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அடுக்களைப் படியில், பதினைந்தடி தூரத்தில், பாத்திரம் துடைக்கிற துணியோடு நின்ற டோரீன்தான் சொன்னாள்.

"கேக்குது, ஆர்லோ."

"என்ன கேக்குது?"

"கீச்சுன்னு. குருவி மாதிரி. நீ வீசுற ஒவ்வொரு தடவையும்."

அவர் மறுபடி வீசினார், மெதுவாக. அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மறுபடி. மறுபடியும் தலையாட்டினாள். நாலு முறை அப்படி நடந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் நான் வேலியோரம் போய் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எத்தனை நாளாக என்று கேட்டார். கெட்டிலின் விசில் நாலு வருஷமாக அவருக்குக் கேட்பதில்லை என்றாள் அவள். இந்த மெஷின் சத்தத்தை அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள், எப்போதும் அவர் காதுக்குள்ளேயே அது இருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? கெட்டிலைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்றார்.

"சொன்னா மெஷினை வித்துடுவே. அப்புறம் நாள் முழுக்க அடுக்களையில உக்காந்துக்கிட்டு முட்டை எப்படி வேகவைக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுப்பே. எனக்கு அது தேவையா?"

ஆர்லோ படியில் உட்கார்ந்து மெஷினை மடியில் படுக்கவைத்துக்கொண்டார். "தோப்பு சாகலை" என்றார். "நான்தான் செத்துப்போச்சுன்னு சொன்னேன். நீயும் எழுதிக்கிட்டே, செக்ரட்டரி." பிறகு டோரீன் பக்கம் திரும்பாமல், "உங்கப்பா காசு மேலேயே ரெண்டு வருஷமா நடந்திருக்கேன் போல" என்றார்.

நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது என்றேன். டேப்பைப் பிய்த்துவிட்டு எண்ணைப் பார்த்துத் தேடலாம் என்றேன். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, காதால் தேடியாயிற்று, கடைசி நாளில் கண்ணால் தேடமாட்டேன் என்றார். சரி, மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெள்ளிச் சத்தத்தைத் தணித்துவைக்கலாம், கட்டைக் குரல் உங்களுக்குக் கேட்குமே என்றேன். "வெள்ளி 'டொக்'குன்னு கேட்டா அது வெள்ளியா?" என்றார். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்று கத்திவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். திட்டிக்கொண்டே போய், என்னுடைய ஹெட்போனை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து தோப்புக்குப் போனபோது, ஆர்லோவின் வண்டியிலிருந்து டோரீனும் இறங்கினாள். நாற்பத்தைந்து வருஷத்துக்குமேல் தேடுகிற மனிதனோடு அவள் தேட வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, மேலே ஆர்லோவின் பழைய மேல்கோட்டு. ஓரத்தில் மஞ்சள் இயந்திரங்கள் இரண்டு ஏற்கெனவே வந்து நின்றிருந்தன. டேப் அப்படியே இருந்தது. ஆர்லோ அதன் நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

நான் ஹெட்போனை நீட்டினேன். அவர் அதை வாங்கி, காற்றில் பறந்துகொண்டிருந்த டோரீனின் தலைமயிரை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிவிட்டு, அவளுக்கு மாட்டினார். பட்டையைச் சரிசெய்தார். "ஆணி உறுமும். அதை விட்டுடு" என்றார். "குருவி கத்துனா மட்டும் சொல்லு."

அப்புறம் நடந்தார்கள். வயர் குட்டையானதால் அவள் அவர் முதுகை ஒட்டி, தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. அவர் இடப்பக்கம் வீசினால் அவளும் இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் வீசினால் வலப்பக்கம். கேட்டதும் அவர் தோளில் இரண்டு தட்டு. முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பத்து சென்ட்டும் ஒரு கால் டாலரும் வந்தன, எல்லாம் வெள்ளி. ஒவ்வொன்றும் வெளியே வந்தபோது ஆர்லோவுக்குச் சந்தோஷம் இல்லை. செத்துப்போச்சு என்று அவர் சொன்ன சொல்லுக்கு ஒவ்வொரு காசும் ஓர் அடி. எல்லாவற்றையும் வலது பையில் போட்டுக்கொண்டு, குழியை மூடி, மிதித்து, எழுந்தார்.

இரண்டு மணிக்கு மேல் இருக்கும். கொட்டகையின் தென்மேற்கு மூலையில், வேலித்தூண் நின்ற கல்லுக்கு ஒரு முழம் வெளியே, டோரீன் தட்டவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அசையாமல் வட்டை அங்கேயே சிறு வீச்சாக வீசினார். அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

மூன்று பக்கம் அறுத்தார். மூடியைத் திருப்பினார். துண்டின்மேல் மண் விழுந்தது, வளைந்த ஆணிகள் ஏழெட்டு விழுந்தன. அவற்றுக்குக் கீழே, பக்கவாட்டில் செருகிக்கொண்டு, ஒரு விளிம்பு தெரிந்தது. பெரிய விளிம்பு. காசு தெரிந்ததும் தானே முதலில் குழிக்குள் கையை விடுகிற மனிதர், அன்றைக்குக் கையை விடவில்லை. முழங்காலில் நகர்ந்து இடம்விட்டார்.

"நீயே எடு" என்றார்.

டோரீன் ஹெட்போனைக் கழற்றாமலேயே ஈரப்புல்லில் மண்டியிட்டாள். வயர் இழுத்தது, மெஷினும் கூடவே சாய்ந்தது. இரண்டு விரலால் மண்ணைத் தள்ளி அதை எடுத்தாள். வெள்ளிக்காசைத் தேய்க்கக்கூடாது, கீறல் விழும் என்று எல்லோரிடமும் சொல்கிற ஆர்லோ, அவள் அதை மேல்கோட்டில் தேய்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. வருஷத்தை அவள் வாய்விட்டுப் படித்தாள். இருபத்தொன்று. ஒரு பக்க விளிம்பில் நகம் பதிகிற அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது, பீங்கானில் பட்ட இடம். அவள் எழுந்தபோது காலுறையின் இரண்டு முழங்காலிலும் பச்சை ஏறியிருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

நான் பைகளை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். இன்னும் பதினேழு மணி நேரத்தில் வழித்தெடுக்கப் போகிற தரை. திரும்பிப் பார்த்தால் ஆர்லோ துண்டிலிருந்த மண்ணைக் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். ஆணிகளைப் பொறுக்கி இடது பையில் போட்டார். மூடியை மூடினார். படுத்திருந்த புல்லை விரலால் கோதி, ஒவ்வொரு இழையாக நிமிர்த்திவிட்டார். எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தார். இரண்டாவது மிதிக்குக் காலைத் தூக்கியவர், தூக்கிய காலைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, டோரீனைப் பார்த்தார். இரண்டாவது மிதியை அவள் மிதித்தாள்.